குலசேகரத்தில் எஞ்சின், கோட்டாற்றில் பெட்டிகள்

கோட்டாறு,
ஆவணி 26, வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி, குலசேகரம் ரப்பர்க்கடை திரு. குமாரதாஸ் அவர்களின் சமூகத்துக்கு, கோட்டாறு ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கும் வள்ளிநாயகம் மரியாதையுடன் எழுதிக்கொண்டது. தங்களுக்கும் தங்கள் வீட்டில் தங்கச்சி அன்னக்கிளிக்கும் உடம்பு சுகமும், ரப்பருக்கு நல்ல விலையும், பால் வெட்டும் நேரம் பார்த்து வராத மழையும் அமைந்திருக்கும் என்று நம்புகிறேன். இவ்விடம் நானும் என் ரத்த அழுத்தமும் சௌக்கியம். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் வேறு யாருடைய சௌக்கியத்தையும் எழுத வழியில்லை.

மூன்று வருடமாக வாய் திறக்காதவன் இப்போது காகிதமும் கையுமாக வருகிறானே என்று நினைப்பீர்கள். போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் ‘ஹலோ’ என்பதே சண்டைக்கு அழைப்பது மாதிரி இருக்கும், நானும் பதிலுக்கு அதே மாதிரி ஒரு ஹலோ சொல்வேன், அப்புறம் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கல்யாண மண்டபத்தில் நடந்ததற்கு இதுவரை நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. இப்போது தெரிவிக்கிறேன். இருபத்தொன்பது வருடம் நாகர்கோவில் - திருவனந்தபுரம் பாசஞ்சரில் சீசன் டிக்கெட்டில் போய் வந்த மனுஷன் நான். காலி இருக்கையைக் கண்டால் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய்க் கைக்குட்டையை எடுத்துப் போட்டுவிடும். என்னோடு ரயிலில் வந்த சிநேகிதர்கள் பதினோரு பேர் வருவார்களே என்று முதல் பந்தியில் பதினோரு நாற்காலியில் கைக்குட்டை போட்டு வைத்தேன். குலசேகரத்திலிருந்து வந்த பெண் வீட்டார் பந்திக்கு வெளியே நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அத்தனை பேர் முன்னால் சத்தமாகக் கேட்டீர்கள்: “இது எனக்க மவளுக்க கல்யாணமா, இல்ல பாசஞ்சர் வண்டியாவே?” கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த நேரம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “வண்டின்னா ஏறத் தெரிஞ்சவன்தான் இருப்பான்” என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

அது போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் வீட்டு ஷோகேஸில், என் மருமகள் பிந்து பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஷீல்டுக்கும் சிப்பியில் செய்த விவேகானந்தர் பாறைக்கும் நடுவில் நிற்கிறதே ஒரு ரயில் எஞ்சின், அது என்னுடையது. அதாவது என்னிடம் இருக்கும் மூன்று பெட்டிகளுடையது. அது இல்லாமல் நான் படும் பாட்டை முழுசாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளவும்.

மகன் ஸ்ரீகுமார் சிகாகோவுக்குப் பக்கத்தில் லைல் என்ற ஊரில் இருப்பது நீங்களும் அறிந்தது, மருமகன் ஆயிற்றே. அங்கிருந்து நகரத்துக்குத் தினமும் ரயிலில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். காலை ஏழு பன்னிரண்டு வண்டி. நமக்கு அது சாயங்காலம் ஐந்து நாற்பத்திரண்டு. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்ததும் ஆறு நாற்பத்திரண்டு ஆகிவிடும், அதற்கென்று சாமி அறை சுவரில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். வண்டி ஏறி உட்கார்ந்ததும் எனக்குப் போன் போடுவான். மேல்தட்டில் இடது பக்கம் ஒற்றை இருக்கை. அங்கே பெட்டிக்கு மாடி உண்டு, தெரியுமா? நகரத்தில் யூனியன் ஸ்டேஷன் வந்து சேரும் வரை பேசுவான். நாற்பத்தாறு நிமிஷம். “அப்பா, டவுனர்ஸ் குரோவ் வந்தாச்சு” என்பான், எனக்கு அது இரணியல். “ஹின்ஸ்டேல்” என்றால் குழித்துறை. “லா கிரேஞ்ச்” வந்தால் நெய்யாற்றின்கரை, இனிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய நேரம். பேச்சு என்றால் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. ரசத்துக்குப் புளி எவ்வளவு, எதிர் இருக்கை வெள்ளைக்காரி இன்றைக்கு என்ன நிறத்தில் ஸ்வெட்டர் பின்னுகிறாள், இங்கே தண்ணீர் வந்ததா, அங்கே பனி விழுந்ததா. அவ்வளவுதான். ஆனால் சம்பந்தி, அவன் சின்னப் பையனாக இருந்தபோது நான் காலை ஆறரை வண்டிக்குப் போகும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான், நான் திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முழித்த முகத்தைப் பார்ப்பேன், அன்றைக்கும் எனக்குத் தூக்கம் வரும். அவனோடு நான் ஒழுங்காகப் பேசத் தொடங்கியதே அவனும் சீசன் டிக்கெட் எடுத்த பிறகுதான். என் வீட்டுக்காரி அழகியநாயகி போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு அந்த நாற்பத்தாறு நிமிஷம்தான் ஒரு நாள். மிச்சமெல்லாம் அதற்குக் காத்திருக்கிற நேரம். இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் எழுதியாயிற்று, அடிக்கப் போவதில்லை.

ஒரு நாள் அவசரத்தில் தவறான பெட்டியில் ஏறிவிட்டான். அந்த வண்டிகளில் ஒரு பெட்டியில் சத்தமே போடக் கூடாதாம், போனில் பேசக் கூடாதாம். நம் பாசஞ்சரில் அப்படி ஒரு பெட்டியை வைத்தால் அதில் யார் ஏறுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. கார்டு வந்து முறைத்தார் என்று கிசுகிசுவென்று சொன்னான். அவன் கிசுகிசுக்கிறானே என்று நானும் கோட்டாற்றில் என் வீட்டு முற்றத்தில் நின்று கிசுகிசுவென்றே பேசினேன். என்ன அறிவு பாருங்கள், கார்டு என்னையா முறைத்தார்? பக்கத்து வீட்டு டீச்சர் ஷெர்லி மதில் வழியே எட்டிப் பார்த்து, “மாமா, ஆருகிட்ட இப்பிடி ரகசியம் பேசுதிய? வயசான காலத்துல வேண்டாம் கேட்டியளா” என்று சிரித்தது. நான் போனைப் பொத்திக்கொண்டு, “சும்மா இரிட்டி, இங்க பேசப்பிடாத பெட்டி” என்றேன். அன்று ராத்திரியே ஷெர்லி தன் வீட்டுக்காரனை அனுப்பி எனக்குக் காய்ச்சல் உண்டா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டது.

சித்திரை மாசத்தோடு அதெல்லாம் முடிந்தது. ஸ்ரீகுமார் வேலை மாறினான். புது ஆபீசில் வீட்டிலிருந்தே வேலை. நல்லதாயிற்று, வீட்டிலேயே இருப்பான், இனி நாற்பத்தாறு நிமிஷம் என்ன, நாள் முழுக்கப் பேசுவான் என்று நான் பால் பாயசம் வைத்து ஷெர்லி வீட்டுக்கும் கொடுத்தேன். நடந்தது நேர்மாறு. ஆபீசுக்குப் போகிறவனுக்கு வழியில் நேரம் இருக்கிறது, வீட்டிலேயே இருக்கிறவனுக்கு வழி என்று ஒன்று இல்லையே. கட்டிலை விட்டு எழுந்தால் மீட்டிங், மீட்டிங் முடிந்தால் இன்னொரு மீட்டிங். இப்போது ஞாயிறு காலையில் எட்டு நிமிஷம், அதிலும் மூன்று நிமிஷம் “அப்பா, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, மூக்குதான் தெரியுது” என்பதிலேயே போய்விடுகிறது. ஏழு பன்னிரண்டு வண்டி அங்கே தினமும் ஓடுகிறது. என் மகன் அதில் இல்லை. நான் மட்டும் இங்கே ஐந்து நாற்பத்திரண்டுக்குப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுகிறேன். பழக்கம்.

அவனுக்கும் மனசில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பிந்து லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு பொம்மை ரயில் கொடுத்தனுப்பினான். பொம்மை என்று சொல்லக் கூடாதாம், மாடல் என்று சொல்ல வேண்டுமாம். அவன் போன அதே மாடிப் பெட்டி, விரல் நீளத்தில் ஜன்னல் வரிசை, படிக்கட்டு, கதவு எல்லாம் அச்சாக இருக்கிறது. பிந்து குலசேகரத்தில் சூட்கேஸைப் பிரித்து, மறுநாள் இங்கே வந்து எனக்குரியதைக் கொடுத்துவிட்டுப் போனது. இந்த இடத்தில் தப்பு யாருடையது என்று கேட்டால், பாதி உங்கள் மகளுடையது, முழுசாக என்னுடையது. எஞ்சினை ஒரு துண்டில் சுற்றி வேறு பையில் வைத்திருந்ததை அது மறந்துவிட்டது. அன்றைக்கே அட்டைப்பெட்டியைத் திறந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் அது ஆடி மாசம். ஆடியில் யாராவது புது வண்டி எடுப்பார்களா? “மாமா, இது விளையாட்டு ரயிலுதானே, தொறந்து பாருங்க” என்று பிந்து எவ்வளவோ சொன்னது. “வண்டின்னா வண்டிதான் மக்கா, ஆவணி பொறக்கட்டும்” என்று அட்டைப்பெட்டியை பீரோ மேல் வைத்துவிட்டேன். பிந்து ஆடி இருபத்தெட்டில் விமானம் ஏறிவிட்டது.

ஆவணி ஒன்றாம் தேதி குளித்துத் திறந்தேன். மேசை பெரிய மேசை, ஆறு பேர் உட்காரலாம், ஆறு பேர் என்றைக்காவது உட்காருவோம் என்று அழகியநாயகி வாங்கியது. அதில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினேன். கல்யாணப் பத்திரிகை இருநூறு மிச்சம் கிடந்தது, அதை வெட்டி நிலையங்கள் செய்தேன். லைல் நிலையத்தின் கூரையில் ‘நிகழும் மங்களகரமான’ என்று இருக்கும், ஹின்ஸ்டேலில் உங்கள் பெயர் இருக்கிறது. பெட்டிகளை ஏற்றி, புது வண்டி ஆயிற்றே என்று சந்தனமும் குங்குமமும் வைத்தேன், சக்கரம் இருபத்துநான்குக்கும் தனித்தனியாக, தண்டவாளத்துக்கும் ஆங்காங்கே. சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் சரிப்படாது, பெட்டியே புரண்டுவிடும், அதனால் சுண்டைக்காய் வைத்தேன். சூடம் காட்டினேன். பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டேன். வண்டி சுண்டைக்காய் மேல் ஏறவில்லை. அதற்குப் பதிலாகக் கன்ட்ரோலரிலிருந்து புகை வந்தது. அமெரிக்கக் கரண்ட் நம் கரண்டில் பாதிதான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் விளக்கு எல்லாம் போய், ஷெர்லி மறுபடியும் மதில் வழியே எட்டிப் பார்த்தது. சூடப் புகை என்று சொல்லிவிட்டேன்.

எலக்ட்ரீசியன் ஜெப்சனைக் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் அவன்தான், அவன் பெண் எடுத்தது உங்கள் ஊரில், வெள்ளிக்கிழமை தோறும் மாமியார் வீட்டுக்கு வருவான். நல்ல பையன், ஆனால் மரியாதை கொஞ்சம் குறைவு. கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பழைய பேட்டரி சார்ஜரை மாற்றி வைத்தான். அப்போதும் ஓடவில்லை. தண்டவாளத்தை மோந்து பார்த்து, “சாரே, இதுல சந்தனம் ஆரு பூசுனது? கரண்டு எப்பிடிப் போவும்?” என்றான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈரத்துணியால் துடைத்தோம். பிறகு சுவிட்சைப் போட்டால் முன் பெட்டியில் பளிச்சென்று இரண்டு விளக்கு எரிந்தது. எனக்குக் கண்ணே நிறைந்துவிட்டது. ஆனால் நகரவில்லை. விளக்கு எரிகிறது, ஓட்டுநர் அறை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, வைப்பர் கூட இருக்கிறது, வண்டி மட்டும் நகரவில்லை. ஐந்து நாள் அதை நான் கெஞ்சியிருக்கிறேன், அதட்டியிருக்கிறேன். ஆறாம் நாள் ஜெப்சன் அதைப் புரட்டிப் பார்த்து, “சாரே, இதுக்க உள்ள மோட்டாரே இல்ல. இது வெறும் பெட்டி” என்றான். போனில் தேடிப் படித்துச் சொன்னான்: அந்த ஊரில் வண்டியைத் திருப்புவதே கிடையாதாம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுக்கும். காலையில் நகரத்துக்குப் போகும்போது அதே எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், ஓட்டுநர் முன்பெட்டியில் உட்கார்ந்து ஓட்டுவார். “அப்ப எஞ்சின் எங்கலே?” என்றேன். “அத நீங்கதான் சொல்லணும்” என்றான்.

அடுத்த ஞாயிறு ஸ்ரீகுமார் கூப்பிட்டு, “அப்பா, ரயிலு ஓடுதா?” என்றான். எஞ்சின் இல்லை என்று சொன்னால் பிந்து மறந்ததாக ஆகும், புருஷன் பெண்டாட்டிக்குள் அதைப் பற்றி ஒரு பேச்சு வரும், என்னால் வர வேண்டுமா? “ஜம்முனு ஓடுது மக்கா” என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய். பொய்க்கு உடனே பலன் கிடைத்தது. அவன் முகம் மலர்ந்து, “அப்பம் செப்டம்பர் பதினாலு, ஞாயித்துக்கெழமை, நான் வீடியோவுல வாறேன். லைல்லேந்து யூனியன் ஸ்டேஷன் வர ஒரு முழு டிரிப் அடிப்போம், என்னா? நாப்பத்தாறு நிமிசமும். அந்தப் பழைய நேரத்துக்கே” என்றான். சம்பந்தி, அந்தப் பழைய நேரத்துக்கே என்றான். பதினாலு என்பது வருகிற ஞாயிறு.

எஞ்சின் எங்கே என்று கண்டுபிடித்தது நேற்று. தாங்கள் தினமும் காலை ஐந்தரைக்கு வாட்ஸாப்பில் ரோஜாப்பூவோடு எனக்கு ‘காலை வணக்கம்’ அனுப்புகிறீர்கள். மூன்று வருடமாக ஒன்றைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை, மன்னிக்கவும். மனசு கேட்காமல் நேற்று எல்லாவற்றையும் திறந்தேன். சாயங்காலம் வரை ஆயிற்று. எல்லாம் ரோஜா, தாமரை, சூரியன். போன மாசம் ஒன்று மட்டும் பூ இல்லாமல், தாங்களே ஷோகேஸ் முன்னால் உட்கார்ந்து எடுத்த படம். கீழே ‘சும்மா இருக்கேன். நீங்க?’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டித்தான் எஞ்சினைப் பார்த்தேன். முதுகில் ஒரு சிப்பி ஆமை உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். எஞ்சினை நல்ல துணியில் சுற்றி நாளைக்கே ஜெப்சனிடம் கொடுத்தனுப்பவும். ஆமை வேண்டாம். தாங்கள் நேரில் வர வேண்டிய அவசியமே இல்லை, குலசேகரத்திலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வருவது இந்த வயதில் நல்லதல்ல, நானும் யாரையும் எதிர்பார்த்து இருக்கிறவன் அல்ல. எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வரை வண்டி மேசை மேல் வேட்டி போர்த்திப் பத்திரமாக நிற்கும். பதில் கடிதமும் தேவையில்லை.

தங்கச்சி அன்னக்கிளிக்கு என் விசாரிப்பு. தோட்டத்தில் மரங்களுக்குப் பால் குறையாமலும், தங்கள் முட்டிவலி கூடாமலும், நம் பிள்ளைகள் இருவரும் அந்தப் பனியில் வழுக்கி விழாமலும் இருக்க சுசீந்திரம் தாணுமாலயனை நாளைக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சு. வள்ளிநாயகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடியும் கிழித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் ஸ்ரீகுமாரிடமிருந்து செய்தி வந்தது. “அப்பா, சாரி. ஞாயித்துக்கெழமை ஆபீஸ்ல அவசர வேல. இன்னொரு வாரம் பாப்போம், என்னா?” சரி மக்கா என்று போட்டு, கட்டைவிரல் படமும் அனுப்பிவிட்டேன். அதனால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். எஞ்சின் அங்கேயே இருக்கட்டும், ஆமையும் அதன் மேலேயே இருக்கட்டும். வண்டி வேட்டி போர்த்தி நிற்கிறது என்று எழுதியதும் பொய்தான். ஆவணி ஏழிலிருந்து தினமும் ஐந்து நாற்பத்திரண்டுக்கு நானே பின்னாலிருந்து விரலால் தள்ளிக்கொண்டு மேசையைச் சுற்றி வருகிறேன், நாற்பத்தாறு நிமிஷம், ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயர் சொல்லி நிறுத்தி. காலை வண்டியைப் பின்னாலிருந்துதானே தள்ள வேண்டும். ஆனால் ஒரே ஆள் தள்ளிக்கொண்டு ஊர் பெயரும் சொல்லுவது கஷ்டமாக இருக்கிறது, டவுனர்ஸ் குரோவ் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாருங்கள். ஒருத்தர் தள்ளட்டும், ஒருத்தர் பெயர் சொல்லட்டும். பஸ் தாமதமானாலும் பதற வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு வைத்திருக்கிறேன்.